பியூஸ் போகவில்லை, ஆனால் ஒயர் உருகிவிட்டது!

கம்பெனி கொடுத்த ஹெட்லைட் போதவில்லை என்று குறை சொல்லாத கார் டிரைவரைப் பார்ப்பது கஷ்டம். மலைப்பாதையில் ஓட்டுபவருக்குப் பனிமூட்டம் பிரச்சனை. ஹைவேயில் ஓட்டுபவருக்கு எதிரே வரும் பஸ்ஸின் ஹை பீம் பிரச்சனை. மழைக்காலம் வந்தால் எல்லோருக்குமே பிரச்சனை. உடனே என்ன செய்கிறார்கள்? சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. மற்ற ஊர்களில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஒரு ஜோடி ஃபாக் லாம்ப், ஒரு சுவிட்ச், கொஞ்சம் ஒயர். ஒரு மணி நேரத்தில் பம்பருக்குக் கீழே இரண்டு புதுக் கண்கள் முளைத்துவிடும்.

விளக்கு எரிகிறதா? எரிகிறது. வேலை முடிந்தது. காசு கொடுத்தாயிற்று.

இரண்டு மாதம் கழித்துத்தான் வாசனை வரும்.

பிளாஸ்டிக் கருகும் அந்த வாசனையை ஒருமுறை நுகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அது ஏன் வருகிறது, எங்கிருந்து வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். வீட்டில் அயர்ன் பாக்ஸ் பிளக் கருகுவதும் இதே கதைதான் :-)

ஜூல் சொன்ன கணக்கு

பிளஸ் டூ பிசிக்ஸில் ஜூல் விதி என்று ஒன்று வரும். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி. ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1841-ல் வெளியிட்ட விஷயம். ஒரு கம்பியில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் கிடைப்பது. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிற சமாச்சாரம்.

ஆனால் காரில் இதுதான் எல்லாமே. வீட்டில் 100 வாட் பல்பு எரிந்தால், 230 வோல்ட் என்பதால், அரை ஆம்பியர்கூட ஓடாது. காரில் இருப்பது 12 வோல்ட். அதே 100 வாட் எரிய 8 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். இரண்டு விளக்கு என்றால் 16 ஆம்பியருக்கு மேல். வீட்டில் அது கீசர் இழுக்கிற அளவுக்கும் அதிகம்! கீசருக்கு யாராவது காலிங் பெல் ஒயரைப் போடுவார்களா? காரில் போடுகிறார்கள்.

இன்னொன்று. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியில் ஏறுகிறது. 55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 110 வாட் போட்டால் வெளிச்சம் இரண்டு மடங்கு ஆகலாம். ஒயரில் சூடு நான்கு மடங்கு. கடையில் பல்பு விற்பவர் முதல் பாதியை மட்டும்தான் சொல்வார்.

மேட்டுப்பாளையத்துக் கார்

கணக்கு போதும், ஒரு உதாரணம். மேட்டுப்பாளையத்தில் ஒரு வாடகைக் கார் டிரைவர். சொந்தக் கார், அதுவும் கடனில் வாங்கிய பழைய டீசல் கார். ஊட்டிக்கும் குன்னூருக்கும் சவாரி அடித்துத்தான் மாதத் தவணை கட்ட வேண்டும். கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கினால் மாலை ஆறு மணிக்கே சில நாட்களில் பனி இறங்கிவிடும். ரோட்டின் ஓரக் கோடு தெரியாது. அதனால் 2012-ல் இரண்டு 100 வாட் ஹாலஜன் ஃபாக் லாம்ப் வாங்கி மாட்டினார்.

மாட்டிய கடையில் ரிலே எதுவும் வைக்கவில்லை. பியூஸ் பாக்ஸில் காலியாக இருந்த ஒரு இடத்திலிருந்து ஒயர் எடுத்து, டாஷ்போர்டில் ஒரு சின்ன சுவிட்சுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து முன்னால் பம்பர் வரை இழுத்துவிட்டார்கள். அரை சதுர மில்லிமீட்டர் ஒயர். மொத்தம் நாலு மீட்டர் இருக்கும்.

முதல் நாளே பியூஸ் போயிற்று. 10 ஆம்பியர் சிவப்பு பியூஸ். இன்னொரு சிவப்பு போட்டார்கள், அதுவும் போயிற்று. கடைப் பையன் யோசித்தான், 30 ஆம்பியர் பச்சை பியூஸ் ஒன்றை எடுத்துச் செருகினான். அதன்பிறகு பிரச்சனையே இல்லை. சிவப்பு போய் பச்சை வந்துவிட்டது, சிக்னல் கிடைத்த மாதிரி வண்டி கிளம்பிவிட்டது.

பியூஸ் எதற்கு இருக்கிறது என்பதில்தான் நிறைய பேருக்குக் குழப்பம். பல்பைக் காப்பாற்ற என்று நினைக்கிறார்கள். இல்லை. பல்பு போனால் போகட்டும், புதிதாக வாங்கிக்கொள்ளலாம். பியூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஒயர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால், ஒயர் உருகுவதற்கு முன்னால் தான் உருகித் துண்டிப்பதுதான் அதன் வேலை. அதனால் பியூஸின் அளவு ஒயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. அடிக்கடி பியூஸ் போனால் "ஒயருக்கு இது தாங்காது" என்று அது சொல்கிறது என்று அர்த்தம். அந்தப் பையன் சொன்னவனின் வாயை மூடிவிட்டான், அவ்வளவுதான். பழைய வண்டிகளில் போன பியூஸைச் சுற்றி சிகரெட் அட்டையின் வெள்ளிப் பேப்பரைச் சுற்றி வைப்பார்களே, அதே வித்தை. பச்சை பியூஸ் கொஞ்சம் நாகரிகமானது.

இப்போது அந்த ஒயரில் என்ன நடந்தது என்று கணக்குப் போடலாம். அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.035 ஓம் தடை. நாலு மீட்டருக்கு 0.14 ஓம். பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் அதில் 16 ஆம்பியர் ஓடுகிறது. 16-ஐ 16-ஆல் பெருக்கினால் 256. அதை 0.14-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 36 வாட்.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிட அதிக சூடு டாஷ்போர்டுக்குள்ளேயும் என்ஜின் பக்கத்திலும் ஒயர் கட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது! நாலு மீட்டருக்குப் பரவியிருப்பதால் உடனே தீப்பிடிக்காது. ஆனால் டேப் சுற்றிய இடத்தில் சூடு வெளியேற வழி கிடையாது. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரைதான் தாங்கும் என்று கணக்கு. என்ஜின் அறையே பாதி சூட்டைக் கொடுத்துவிடும்.

அந்த வருடம் டிசம்பரில் ஒரு மாலை பர்லியார் பக்கத்தில் வாசனை வந்தது. பின் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். டிரைவர் செய்த நல்ல காரியம், யோசிக்காமல் விளக்கை அணைத்து, வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட்டது. டாஷ்போர்டு சுவிட்சின் பின்பக்கம் மெழுகு மாதிரி இளகிப் போயிருந்தது. ஒயர்க் கட்டில் இன்சுலேஷன் டேப்பின் பசை கசிந்து வழிந்திருந்தது. குழந்தையின் அம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இனி இந்த வண்டியில மேல போகலாமுங்களா?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. வேறு வண்டி பிடித்து அவர்களை ஏற்றி அனுப்பிவிட்டு, இருட்டுவதற்குள் கீழே இறங்கினார். சவாரிக் காசு போனது பெரிய விஷயம் இல்லை. தவணை பாக்கி இருக்கும் வண்டி கண் முன்னால் எரிந்திருந்தால்?

ரிலே என்ற சின்ன டப்பா

மறுநாள் வேறொரு கடையில் பழைய ஒயரிங் முழுவதையும் பிடுங்கிவிட்டு ரிலே வைத்துக் கட்டினார்கள். இது சரியான வழி. ரிலே என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி.

சின்ன மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சாதனம் அது. தீப்பெட்டி மாதிரி ஒரு கறுப்பு டப்பா. அடியில் நாலு கால்கள். அவற்றில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். ஜெர்மன் தரக்கட்டுப்பாட்டு எண்கள் இவை, மற்ற நாடுகளிலும் பரவலாகப் பின்பற்றுகிறார்கள். 30-க்கு பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தடித்த ஒயர். 87-லிருந்து விளக்குக்குத் தடித்த ஒயர். 85-ம் 86-ம் உள்ளே இருக்கும் காயிலின் இரண்டு முனைகள். ஒன்று சுவிட்சுக்கு, ஒன்று எர்த்துக்கு.

காயில் இழுப்பது சுமார் 0.15 ஆம்பியர்தான். ஆக, டாஷ்போர்டு வரை போகிற ஒயரிலும் சுவிட்சிலும் ஓடுவது அந்தத் துளி மின்சாரம் மட்டும். 16 ஆம்பியர் பேட்டரியிலிருந்து நேராக, குட்டையான வழியில், பானெட்டுக்குள்ளேயே விளக்குக்குப் போய்விடும். கேபினுக்குள் வருவதே இல்லை.

ஐந்து கால் ரிலேயும் உண்டு. அதில் நடுவில் 87ஏ என்று ஒரு கால். சுவிட்ச் போடாதபோது 30-உடன் சேர்ந்திருக்கும் கால் இது. தெரியாமல் விளக்கு ஒயரை இதில் மாட்டிவிட்டால் சுவிட்சை அணைத்தால் விளக்கு எரியும், போட்டால் அணையும். காலையில் பேட்டரி செத்திருக்கும். இது மிகவும் சகஜமான கூத்து.

இரண்டாவது கடையில் இந்தத் தப்பெல்லாம் செய்யவில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டார்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், பியூஸ் ஹோல்டர் வைத்தார்கள். 20 ஆம்பியர் மஞ்சள் பியூஸ். புத்தகத்தில் இருக்கிற மாதிரியே எல்லாம்.

மூன்றே வாரம். மறுபடி வாசனை!

பியூஸ் ஏன் போகவில்லை?

இந்த முறை ஒயர் சூடாகவில்லை. சுவிட்ச் ஜில்லென்று இருந்தது. பியூஸ் ஹோல்டரின் ஒரு பக்கம் மட்டும் பழுப்பாகி இளகியிருந்தது. உள்ளே பியூஸ் அப்படியே முழுசாக இருந்தது.

டிரைவர் ஊரில் ரொம்ப வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனார்.

"ஏனுங்ணா, டப்பாவே உருகிப் போச்சு. பியூஸ் போகலைங்களே? டூப்ளிகேட்டுங்களா?"

"பியூஸ் நல்ல பியூஸ்தான் தம்பி. அது எதுக்குப் போவுது? பதினாறு ஆம்பியர் ஓடுது, அது இருவது தாங்கும். அதுக்குத் தெரிஞ்ச வரைக்கும் எல்லாம் சரியாத்தான் இருக்குது."

இதுதான் முக்கியமான இடம். பியூஸுக்கு ஓட்டத்தை மட்டும்தான் தெரியும், சூட்டைத் தெரியாது. ஒரு இணைப்பு லூசாக இருந்தால் அந்த இடத்தில் தடை கூடுகிறது. தடை கூடினால் ஓட்டம் கூடாது, சொல்லப்போனால் கொஞ்சம் குறையும். ஆனால் அந்த ஒரு புள்ளியில் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். பியூஸ் போவதற்குக் காரணமே கிடையாது. ஷார்ட் சர்க்யூட் என்றால் பியூஸ் காப்பாற்றும். லூஸ் கனெக்ஷனிலிருந்து எந்த பியூஸும் காப்பாற்றாது.

ஆகவே சூடு எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி வியாதி தெரிந்துவிடும். ஒயர் நெடுக ஒரே மாதிரி சுட்டால் ஒயர் மெல்லியது, அல்லது பல்பு பெரியது. ஒரே ஒரு இடம் மட்டும் சுட்டால் அங்கே இணைப்பு சரியில்லை. பல்புக்குப் பின்னால் ஹோல்டர் மட்டும் கருகினால் பிளாஸ்டிக் ஹோல்டரில் அதிக வாட் பல்பு மாட்டியிருக்கிறார்கள். 60/55 வாட் ஹெட்லைட் ஹோல்டரில் 100/90 வாட் பல்பு மாட்டினால் இதுதான் நடக்கும். அதற்கு செராமிக் ஹோல்டர் வேண்டும்.

மல்டிமீட்டர் பேசும்

பெரியவர் எதையும் பிடுங்கவில்லை. ஒரு மல்டிமீட்டரை எடுத்தார். நிறைய பேர் செய்வது என்ன? ஒயரைக் கழற்றி ஓம் வைத்துப் பார்ப்பது. அது இங்கே உதவாது. 0.05 ஓமைச் சாதாரண மீட்டரால் நம்பகமாக அளக்கவே முடியாது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தால்கூட மீட்டர் "பீப்" என்று கத்தி எல்லாம் சரி என்று சொல்லிவிடும்.

சரியான வழி, என்ஜினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, வோல்ட் அளப்பது. மின்சாரம் ஓடும்போது எங்கே தடை இருக்கிறதோ அங்கே வோல்டேஜ் விழும். வழியை நாலைந்து துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டியதுதான். அந்த வண்டியில் கிடைத்த அளவுகள் இவை.

பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே 13.8 வோல்ட். விளக்கின் இரண்டு முனைக்கும் நடுவே 12.1 வோல்ட். ஆக 1.7 வோல்ட் வழியில் காணாமல் போகிறது. எங்கே?

பேட்டரியிலிருந்து பியூஸ் ஹோல்டர் வரை: 0.05 வோல்ட்.
பியூஸ் ஹோல்டரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்: 0.8 வோல்ட்.
ரிலேயில் 30-லிருந்து 87 வரை: 0.1 வோல்ட்.
ரிலேயிலிருந்து விளக்கு வரை: 0.15 வோல்ட்.
விளக்கின் எர்த் ஒயரிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை: 0.6 வோல்ட்.

கூட்டிப் பார்த்தால் 1.7 சரியாக வருகிறது. திருடன் ஒருவன் இல்லை, இரண்டு பேர்.

பியூஸ் ஹோல்டரில் 0.8 வோல்ட், 16 ஆம்பியர். பெருக்கினால் ஏறத்தாழ 13 வாட். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் 13 வாட்! உருகாமல் என்ன செய்யும்? பிரித்துப் பார்த்தால், ஹோல்டரின் உள்ளே பியூஸைக் கவ்வும் தகடு விரிந்து போயிருந்தது. ஒயரை அதில் அமுக்கிய இடத்தில் பாதி இழைகள்தான் மாட்டியிருந்தன, மீதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சூடானதும் தகட்டின் ஸ்பிரிங் தளர்ந்தது. தளர்ந்ததும் தடை கூடியது. தடை கூடியதும் இன்னும் சூடானது. ஒரு தடவை ஆரம்பித்தால் இந்தச் சக்கரம் தானாக நிற்காது. அதனால்தான் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாமல் இருந்து மூன்றாவது வாரம் திடீரென்று வாசனை வருகிறது.

இரண்டாவது திருடன் எர்த். பேட்டரி பாசிட்டிவ் பக்கத்தை எல்லோரும் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். நெகட்டிவ் பக்கம் பாடியில் ஏதோ ஒரு போல்ட்டில் முறுக்கிவிட்டு வந்துவிடுவார்கள். போன மின்சாரம் முழுசும் திரும்பி வந்தாக வேண்டுமே! 16 ஆம்பியர் போனால் 16 ஆம்பியர் வர வேண்டும். அந்த வண்டியில் எர்த் லக் பெயிண்டுக்கு மேலேயே வைத்து முடுக்கப்பட்டிருந்தது. போல்ட்டின் மரை வழியாகத்தான் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. மழையில் நனைந்து துருவும் சேர்ந்துவிட்டது.

சரி செய்த விதம்

வேலை ஒன்றும் பெரிதில்லை. புது பியூஸ் ஹோல்டர். ஒயர் முனையின் எல்லா இழைகளும் லக்குக்குள் போகும்படி சரியான கிரிம்பிங் பிளையரால் அமுக்கி, மேலே சுருங்கும் ஸ்லீவ். பல்லால் கடித்து உறையை உரிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. உரிக்கும்போது நாலு இழை அறுந்தால் அங்கே ஒயர் அவ்வளவு மெல்லியதாகிவிட்டது என்று அர்த்தம். எர்த் போல்ட்டின் கீழே பெயிண்டைச் சுரண்டி, உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, லக்கை வைத்து முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ். தகட்டின் ஓட்டை வழியாக ஒயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் இருந்தது, அதையும் போட்டார். அது இல்லாவிட்டால் ஒருநாள் தகட்டின் விளிம்பு உறையை அறுத்துவிடும். அப்போதுதான் நிஜமான ஷார்ட் சர்க்யூட்.

ஒயரையும் பிளேடால் சுரண்டிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். மேலே செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் மார்க்கெட்டில் நிறைய வருகிறது. பார்க்கச் செம்பு மாதிரியே இருக்கும், விலை குறைவு, தடை ஒன்றரை மடங்கு. உறையின் தடிமனைப் பார்த்து ஏமாறுபவர்களும் உண்டு. ஒயர் வெளியே குண்டாக இருக்கும், உள்ளே உலோகம் நூல் மாதிரி இருக்கும்.

வேலை முடிந்ததும் மறுபடி அளந்தார். 1.7 வோல்ட் இழப்பு 0.4 ஆகக் குறைந்திருந்தது. பிறகு ஒரு யோசனை சொன்னார்.

"தம்பி, இந்த நூறு வாட்டைக் கழட்டிப் போட்டுட்டு அம்பத்தஞ்சு போடுங்க. வெளிச்சம் குறையாது."

டிரைவர் நம்பவில்லை. ஆனால் கணக்கு பெரியவர் பக்கம்தான். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். முதலில் கட்டிய அந்தக் கேவலமான ஒயரிங்கில், ஒயரிலும் சுவிட்சிலும் எர்த்திலும் போனது போக விளக்குக்குச் சுமார் 11 வோல்ட்தான் போயிருக்கும். 11 வோல்ட்டில் எரியும் 100 வாட் பல்பும், 13.5 வோல்ட்டில் எரியும் 55 வாட் பல்பும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம். காசு கொடுத்து வாங்கிய 45 வாட் இத்தனை நாளாக டாஷ்போர்டை வேகவைக்கத்தான் பயன்பட்டிருக்கிறது!

55 வாட் ஜோடிக்கு ஓட்டம் சுமார் 10 ஆம்பியர். நீல நிற 15 ஆம்பியர் பியூஸ் போதும். ஓட்டம் குறைந்ததால் ஒவ்வொரு இணைப்பிலும் சூடு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. எதிரே வருபவர்களும் திட்ட மாட்டார்கள்.

பனிக்கு அதிக வாட் உதவாது என்பது தனி விஷயம். பனியில் ஒளி திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். விளக்கு தாழ்வாக இருந்து, ஒளி அகலமாகத் தரையோடு போனால்தான் ஓரக்கோடு தெரியும். வெளிச்சத்தைக் கூட்டினால் வெள்ளைச் சுவர்தான் இன்னும் பிரகாசமாகத் தெரியும்.

எல்.இ.டி. வந்தாச்சே?

இப்போதெல்லாம் யார் ஹாலஜன் போடுகிறார்கள், எல்.இ.டி.தானே என்று கேட்கலாம். நியாயம்தான். 20 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 2 ஆம்பியர்கூட வேண்டாம். ஒயர் சூடாகும் பிரச்சனை பெரும்பாலும் போய்விடும். ஆனால் 180 வாட் என்று போட்டு ஒரு நீளமான பார் விற்கிறார்கள். உண்மையிலேயே அது 180 வாட் என்றால் 15 ஆம்பியர். பழைய கதைக்கே திரும்பி வந்தாயிற்று.

அதோடு ஒரு திருப்பம் உண்டு. ஹாலஜனில் வோல்டேஜ் விழுந்தால் ஓட்டமும் குறையும், விளக்கு மங்கி ஒரு எச்சரிக்கை கொடுக்கும். எல்.இ.டி.க்குள் இருக்கும் நல்ல டிரைவர் சர்க்யூட் வெளிச்சத்தைக் குறையவிடாது. வோல்டேஜ் விழுந்தால் அது அதிக ஓட்டத்தை இழுத்துக்கொள்ளும். வெளியே விளக்கு ஜம்மென்று எரியும், உள்ளே லூஸ் கனெக்ஷன் சத்தமில்லாமல் சுட்டுக்கொண்டிருக்கும். ஆக எல்.இ.டி. ஆனாலும் மல்டிமீட்டர் வேலை மிச்சமில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-வது விதி, வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைப்பதைத் தடை செய்கிறது. விசேஷமான காரணம் இருந்து பதிவு அதிகாரி முன்கூட்டியே அனுமதித்தால் மட்டுமே வைக்கலாம். ஃபாக் லாம்ப் வேறு, கூரை மேல் வரிசையாக நாலு சர்ச் லைட் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வாசனை வந்தால்

ஓட்டிக்கொண்டிருக்கும்போது கருகும் வாசனை வந்தால் முதலில் கூடுதல் விளக்கை அணைக்க வேண்டும். பாதி பிரச்சனை அப்போதே அடங்கும். வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட வேண்டும். பானெட்டுக்குள்ளிருந்து புகை வந்தால் பானெட்டை ஒரேயடியாகத் திறக்கக் கூடாது. காற்று கிடைத்ததும் தீ எழும்பும். வண்டியில் ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் ஒன்று கிடந்தால் சின்னத் தீயை அப்போதே அடக்கலாம். தீ பெரிதாகிவிட்டால் வீரம் காட்டாமல் தள்ளிப்போய்விட வேண்டும். புகை இல்லை, வாசனை மட்டும்தான் என்றால் பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுவது நல்லது. அதற்கான ஸ்பேனரை டிக்கியின் அடியில் புதைத்து வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

பிறகு அந்த விளக்கை மறுபடி போட்டுப் பார்க்கக் கூடாது. "இப்ப வாசனை வரலையே" என்று போட்டுப் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஆறிய பிறகு எந்த லூஸ் கனெக்ஷனும் நல்லபிள்ளை மாதிரிதான் இருக்கும்.

புதிதாக விளக்கு மாட்டியவர்கள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன்னால், என்ஜினை ஓடவிட்டு, விளக்கை 15 நிமிடம் எரியவிட வேண்டும். பிறகு விளக்கையும் என்ஜினையும் நிறுத்திவிட்டு, பியூஸ் ஹோல்டர், ரிலே, சுவிட்ச், எர்த் லக், விளக்கின் பின்பக்க ஒயர் என்று ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத அளவு சுட்டால் வேலை முடியவில்லை. இதற்கு மீட்டர்கூட வேண்டாம். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அந்த முதல் கடைப் பையன் கெட்டவன் இல்லை. வெளியே கஸ்டமர் நிற்கிறார், சவாரிக்கு நேரமாகிறது, பியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது. அவனிடம் கேட்கப்பட்டது விளக்கு எரிய வேண்டும் என்பது மட்டும்தான், எரியவைத்துவிட்டான். வேலை செய்பவரும் செய்யச் சொல்பவரும் சேர்ந்து "எரிகிறதா?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். "சுடுகிறதா?" என்று இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்க 15 நிமிடம்தான் ஆகும்.

அவ்வளவுதாங்க. வண்டி வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரி ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.